ஹிந்தி அஃப் சோமாலி: கடல் கடந்து குரல் மாறிய படங்கள்

ஹைதராபாத் டோலிசௌக்கியில் ஒரு ஈரானி டீக்கடை. கோல்கொண்டா கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் இந்தப் பகுதியில் ஏமன், சூடான், சோமாலியா நாட்டு மாணவர்கள் பலர் வாடகைக்குத் தங்கிப் படிக்கிறார்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த சோமாலிய இளைஞர் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் இருந்த எல்லாமே எனக்குப் பழகியவை. கருவேலங்காடு, வறண்ட ஆறு, வேட்டியை மடித்துக் கட்டிய கதாநாயகன். குரல்தான் புதியது. நாயகன் பேசினாலும் அந்தக் குரல், வில்லன் உறுமினாலும் அந்தக் குரல், அம்மா கெஞ்சினாலும் அதே ஆணின் குரல். அம்மாவுக்காக அவர் குரலை மெலிதாக்கிக்கொள்ளவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பாட்டு வந்ததும் அவர் ஒதுங்கிக்கொள்ள, பாட்டு இந்தியில் முழுதாக ஓடியது. பாட்டின் கடைசித் தாளம் அடங்கிய அடுத்த நொடியில், இடையில் எங்கும் போகாதவர் போலத் திரும்பிவந்து கதையைத் தொடர்ந்தார்.

தெலுங்குப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். உதட்டசைவுக்கு ஏற்ற சொல்லைத் தேடி ஒரு வரிக்கு அரை மணி நேரம் செலவழிக்கும் வேலை. இங்கே ஒருவர் உதட்டசைவைப் பற்றிக் கவலையே படாமல் படம் முழுவதையும் தன் தோளில் சுமந்துகொண்டு போகிறார், எதிரே இருப்பவர் டீ ஆறியது தெரியாமல் பார்க்கிறார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஹிந்தி அஃப் சோமாலி, அதீர்" என்றார்.

"இது தமிழ்ப் படம் தம்பி. மதுரைப் பக்கம் எடுத்தது."

"ஆமாம், ஹிந்திதான்" என்றார் மகிழ்ச்சியோடு.

அந்தப் பதிலில் பிழை ஒன்றும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. சோமாலி மொழியில் இந்தியாவுக்கு ஹிந்தியா என்று பெயர். இந்தியாவிலிருந்து வருவது எதுவும் ஹிந்தி. மும்பையில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும் அது ஃபிலிம் ஹிந்தி. "அஃப்" என்றால் மொழி. அதே சொல்லுக்கு வாய் என்றும் பொருள். வாயும் மொழியும் ஒரே சொல்லாக இருக்கும் ஒரு மக்களிடம் நம் படங்கள் போய் என்ன ஆயின என்பதே இந்த ஆய்வின் விஷயம்.

படத்துக்கு முன்பே இருந்த பழக்கம்

சோமாலியர்கள் இந்தியப் படம் பார்ப்பது இணையம் வந்த பிறகு பிடித்துக்கொண்ட மோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. ஏடன் வளைகுடாவின் தென்கரையில் இருக்கும் பெர்பெரா துறைமுகத்தில் பருவக்காற்றுக் காலத்தில் கூடிய பெருஞ்சந்தைக்கு, குஜராத்தின் போர்பந்தரிலிருந்தும் மாண்ட்வியிலிருந்தும் பனியா வணிகர்கள் பாய்மரக் கலங்களில் போய்வந்ததை 19-ஆம் நூற்றாண்டுப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி பிரிட்டிஷ் சோமாலிலாந்து ஆன பிறகு அங்கே புழங்கிய பணம் நம் ரூபாய். 1941 வரை அதுதான் நிலைமை. எதிர்க்கரையில் ஏடன். 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாகவே ஆளப்பட்டது. வேலை தேடியும் படிக்கவும் சோமாலியர்கள் போய்ச் சேர்ந்த முதல் பெருநகரம் ஏடன். அங்கே அரபுப் பாட்டோடு இந்தியப் பாட்டும் அவர்கள் காதில் விழுந்தது.

1940-களில் பல்வோ என்ற சிறு காதல் பாட்டு வடிவம் சோமாலிலாந்தில் பிறந்தது. இன்றைய சோமாலிய இசைக்கு அதுவே வித்து. அதைத் தொடங்கிவைத்த லாரி ஓட்டுநரை ஊர் அப்தி சினிமோ என்று அழைத்தது. சினிமா என்ற சொல்லிலிருந்து வந்த பட்டப்பெயர் அது. ஒரு நாட்டின் நவீன இசைக்குத் தகப்பனார் ஸ்தானத்தில் இருப்பவர் பெயரிலேயே சினிமா ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

தெற்கே இத்தாலியர்கள் ஆண்ட மொகதிஷுவில் ஈக்குவத்தோரே, சென்ட்ராலே போன்ற திரையரங்குகள் இருந்தன. 1960-இல் விடுதலை கிடைத்த பிறகும் அவை ஓடின. இத்தாலியப் படம், அரபுப் படம், அமெரிக்கப் படம், இவற்றோடு இந்திப் படம். 1975-இல் சர்வாதிகாரி சியாத் பாரேயின் அரசு படங்களை இறக்குமதி செய்யவும் விநியோகிக்கவும் ஓர் அரசு நிறுவனத்தை அமைத்தது. அதன் பிறகும் அமிதாப் பச்சனும் தர்மேந்திராவும் மொகதிஷுவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாகவே இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் படங்களுக்குச் சோமாலிக் குரல் கிடையாது. சோமாலி மொழிக்கு அதிகாரப்பூர்வ எழுத்து கிடைத்ததே 1972 அக்டோபரில்தான். எந்த எழுத்தில் எழுதுவது என்று பல ஆண்டுகள் வாதாடி, கடைசியில் ரோமன் எழுத்தை ஏற்றார்கள். ஆகவே திரையின் அடியில் ஓடிய வரிகள் வேற்றுமொழி வரிகளே. பார்வையாளர்கள் முகத்தையும் பாட்டையும் பார்த்துக் கதையை ஊகித்தார்கள். கேட்டுக் கேட்டே இந்தி பழகிக்கொண்டவர்களும் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள்.

அரங்குகள் போன பிறகு

1991 ஜனவரியில் பாரே ஆட்சி விழுந்தது. உள்நாட்டுப் போரில் திரையரங்குகள் இடிந்தன, அல்லது அகதிகள் தங்கும் இடங்கள் ஆயின. படம் தெருக்கோடி அறைகளுக்குள் போனது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு வீடியோ டெக், ஒரு ஜெனரேட்டர், சில பெஞ்சுகள். அந்த அறைகளிலும் இந்தியப் படங்கள் ஓடின.

2006-இல் மொகதிஷுவைக் கைப்பற்றிய இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு அந்த அறைகளையும் மூடச் சொன்னது. அடுத்து வந்த அல் ஷபாப், தன் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் படத்தையும் இசையையும் தடை செய்தது. 2010 ஏப்ரலில் இன்னோர் ஆயுதக் குழு வானொலிகளுக்கு இசையை நிறுத்தும்படி பத்து நாள் கெடு விதித்தது. உயிருக்குப் பயந்த நிலையங்கள், நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் இசைத்துணுக்குக்குப் பதிலாகத் துப்பாக்கிச் சத்தத்தையும் விலங்குகளின் ஒலியையும் ஒலிபரப்பின. ஒரு நகரத்தின் வானொலியில் பாட்டு நின்று போகிறது என்றால் அந்த நகரத்துப் பிள்ளைகள் எதைக் கேட்டு வளர்வார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தத் தலைமுறைக்குப் படத்தைத் திருப்பிக் கொடுத்தது கைப்பேசிதான். 2014 தொடக்கத்தில் அல் ஷபாப் கைப்பேசி இணையத்துக்கே தடை என்று அறிவித்தது. அதே ஆண்டில்தான் மொகதிஷுவில் கடலடிக் கேபிள் வழியான அதிவேக இணையம் புழக்கத்துக்கு வந்தது. இன்று ஆப்பிரிக்காவில் மொபைல் டேட்டா மிக மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் சோமாலியாவும் ஒன்று. வீட்டுக்குள், காதில் ஒரு இயர்போன் ஒயரோடு, யாருக்கும் தெரியாமல் ஒரு படம் பார்க்கலாம். இந்த நிலைமைக்குள்தான் சோமாலியில் குரல் கொடுத்த இந்தியப் படங்கள் வெள்ளமாக வந்து சேர்ந்தன.

அந்த ஒற்றைக் குரல்

தொழில் தெரிந்தவன் என்பதால் முதலில் ஒலியைத்தான் கவனித்தேன். முறையாக ஒரு படத்தை வேறு மொழிக்குக் கொடுக்கும்போது, தயாரிப்பாளர் வசனம் நீங்கலாக இசையும் சத்தங்களும் மட்டும் அடங்கிய ஒலித்தடத்தைத் தனியாகக் கொடுப்பார். புதிய வசனத்தை அதன்மேல் ஏற்றுவோம். சோமாலிப் பதிப்பைச் செய்பவர்களிடம் அந்தத் தடம் இல்லை. உரிமை வாங்காத படத்துக்கு யார் கொடுப்பார்கள்? ஆகவே குரல் வரும்போதெல்லாம் மொத்த ஒலியையும் இறக்குகிறார்கள், குரல் நின்றதும் ஏற்றுகிறார்கள். சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை பேசினால் அடியும் இடியும் அமுங்கிப் போய் மீண்டும் எழும்புகிறது. மூச்சு விடுவதுபோல அந்த ஏற்ற இறக்கம் படம் முழுவதும் நடக்கிறது.

நம் டப்பிங் தியேட்டரில் இதைக் கேட்டால் ஒலிப்பதிவாளர் எழுந்து போய்விடுவார். எனக்கும் முதல் பத்து நிமிடம் உறுத்தலாகவே இருந்தது. அதன் பிறகு பழகிவிட்டது. பழகியதற்கு ஒரு காரணம் உண்டு: அந்தக் குரல் பாத்திரமாக நடிக்கவில்லை, கதை சொல்கிறது. கேட்பவர் காதருகே உட்கார்ந்து "இவன் இதைச் சொல்கிறான், அவள் இதைச் சொல்கிறாள்" என்று கூட வருகிறது. இப்போது பெண்குரலும் சேர்ந்து இரண்டு மூன்று பேர் பேசும் பதிப்புகளும் வருகின்றன. என்றாலும் கதைசொல்லியின் அந்தத் தொனி மாறவில்லை.

உகாண்டாவில் வீடியோ ஜாக்கிகள் லுகாண்டா மொழியிலும், கென்யாவில் சிலர் சுவாஹிலியிலும் இதே போல வெளிநாட்டுப் படங்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். நைஜீரியாவின் கானோ நகரில் இந்தியப் படங்கள் ஹௌசா மொழியில் பேசுகின்றன. ஆனால் சோமாலியர்களிடம் இந்தக் குரல் இறங்கிய மண் தனியானது.

அவர்களுடைய இலக்கியம் பெரும்பாலும் வாயில் வாழ்ந்த இலக்கியம். ஒரு கவிதை முழுவதும், நூறு வரி ஆனாலும், ஒரே எழுத்தில் மோனை வர வேண்டும் என்பது அவர்களுடைய யாப்பு விதி. மோனை என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1979-இல் காரியே என்ற கவிஞர் குலப்பற்றைச் சாடி 'த' ஓசை மோனையில் ஒரு கவிதை சொன்னார். இன்னொரு கவிஞரான ஹத்ராவி அதற்கு மறுமொழி சொன்னார். பிறகு கவிஞர் மாற்றிக் கவிஞர் அதே மோனையில் சேர்ந்துகொண்டார்கள். சர்வாதிகார ஆட்சியில் அதை அச்சிட வழியில்லை. கேசட்டில் பதிந்து, ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு ஏற்றி, லாரியிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராக அனுப்பினார்கள். டீக்கடையில் டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். 1957-இல் தொடங்கிய பிபிசி சோமாலி ஒலிபரப்பையும் இப்படித்தான் கூட்டமாகக் கேட்டார்கள்.

முகம் தெரியாத ஒருவரின் பதிவான குரலை நம்பி, அதன் ஏற்ற இறக்கத்திலேயே ஒரு கதையை முழுதாகப் பார்க்கத் தெரிந்த மக்கள் இவர்கள். அவர்களுக்குப் படத்தின்மேல் ஓடும் ஒற்றைக் குரல் குறையாகத் தெரியவில்லை. அடியில் எழுத்து ஓடினால் அது படிப்பு. குரல் ஓடினால் அது கதை. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக் குரல்தான் வேண்டும்.

அதீர், அப்தி, சின்னம்மா

அந்த இளைஞர் என்னை அதீர் என்று அழைத்தார் அல்லவா? மரியாதைச் சொல் என்று மட்டும் நினைத்தேன். கேட்டபோது, அப்பாவின் சகோதரர் என்றார். தாய்மாமன் என்றால் வேறு சொல், அப்தி. அம்மாவின் சகோதரிக்கு ஹபர்யர். ஹபர் என்றால் மூத்த பெண், தாய் ஸ்தானத்தில் இருப்பவர். யர் என்றால் சின்ன. அப்படியே நம் சின்னம்மா.

இந்த ஒரு விஷயத்திலேயே டப்பிங் ஏன் இவ்வளவு ஆழமாகப் பிடித்தது என்பது எனக்கு விளங்கிவிட்டது. இந்தியப் படத்தின் பாதிக் கதை உறவுமுறையில் இருக்கிறது. சொத்துக்காகச் சித்தப்பா செய்யும் துரோகம், தாய்மாமன் தூக்கிக்கொள்ளும் பொறுப்பு, தாய் இல்லாத பிள்ளையைச் சித்தி வளர்ப்பது. ஆங்கில எழுத்தில் சித்தப்பாவும் மாமாவும் ஒரே சொல்லாகிவிடுகிறார்கள். யார் துரோகம் செய்தார், யார் காப்பாற்றினார் என்ற கனமே போய்விடுகிறது. சோமாலியில் அது போவதில்லை. இந்தியில் சாச்சா என்றால் அதீர், மாமா என்றால் அப்தி. சொல் சரியாக வந்து உட்கார்ந்ததும் வலியும் சரியான இடத்தில் வந்து உட்காருகிறது.

கதைகளும் அப்படித்தான். பெர்பெராவில் ரொட்டிக் கடையில் வேலை பார்த்த எல்மி போதரி என்ற கவிஞர், ஹோதன் என்ற பெண்ணைக் கண்டு காதலித்து, அவளை மணக்க முடியாமல் அவளைப் பற்றியே பாடிப் பாடி 1941-இல் இறந்தார். காதலால் செத்த மனிதர் என்று இன்றும் சோமாலியர்கள் அவரைச் சொல்கிறார்கள். காதல் தோற்றுக் குடித்துச் சாகும் இந்திய நாயகன் அவர்களுக்கு அந்நியன் இல்லை. கொலைக்குப் பழி, பழிக்கு இழப்பீடு, மரத்தடியில் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது, இவையும் அவர்கள் வாழ்வில் இருப்பவை. ஓர் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம் என்பது அவர்களுடைய மரபு வழக்கு. ஊர்ப் பஞ்சாயத்துக் காட்சி வரும்போது அவர்கள் வேறு ஒரு நாட்டைப் பார்க்கவில்லை.

பெண்களின் உடை, மருதாணி, சமோசா, சப்பாத்தி என்று ஒற்றுமைகளை அடுக்கலாம். மொகதிஷு தெருக்களில் ஓடும் ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜ். படத்தில் ஆட்டோ வந்தால் அதுவும் அவர்கள் தெருதான். ஆனால் உறவுச்சொல்தான் சாவி என்பது என் முடிவு. மற்றவை கண்ணுக்குப் பழக்கம், உறவுச்சொல் காதுக்குப் பழக்கம்.

மூன்றாவது கை

நம் தமிழ்ப் படம் அந்த டீக்கடைக் கைப்பேசிக்கு நேராகப் போகவில்லை. தென்னிந்தியப் படங்களின் இந்தி டப்பிங் உரிமையை மும்பை நிறுவனங்கள் வாங்குகின்றன. முன்பு அவை தொலைக்காட்சிக்காக வாங்கப்பட்டன, பிறகு யூடியூபில் ஏறின. அங்கே கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அந்த இந்திப் பதிப்பைத்தான் சோமாலிக் குரல் கலைஞர் கேட்டு மொழிபெயர்க்கிறார். தமிழில் எழுதிய வசனம் இந்தியாகி, இந்தி சோமாலியாகி, மூன்றாவது கையில் போய்ச் சேருகிறது. மதுரை வட்டார வழக்கு முதல் கைமாற்றத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆனாலும் கதை போய்ச் சேருகிறது.

இதில் பணம் எங்கே போகிறது? தயாரிப்பாளருக்கு ஒரு பைசா வருவதில்லை. ஆனால் சோமாலிக் குரல் கலைஞரைத் திருடர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவர் மொழிபெயர்க்கிறார், எழுதுகிறார், இரண்டரை மணி நேரம் மூச்சு வாங்கப் பேசுகிறார். விற்க யாரும் முன்வராத ஒரு மொழியில் அந்த வேலையைச் செய்கிறார். நம் விநியோக ஒப்பந்தங்களில் வெளிநாட்டு மொழி உரிமை என்றால் சீனம், ஜப்பான் மொழி, ரஷ்ய மொழி என்று எண்ணுகிறார்கள். சோமாலி என்று ஒரு மொழி இருப்பது எந்த மேசையிலும் பேசப்படுவதில்லை. சோமாலியா, சோமாலிலாந்து, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலம், கென்யாவின் வடகிழக்கு, நைரோபியின் ஈஸ்ட்லீ, அதற்கு மேல் லண்டன், டொரன்டோ, மினியாபொலிஸ் என்று பரந்து கிடக்கும் மக்கள் அவர்கள். சிறிய தொகைக்கு முறையான உரிமமும், வசனம் நீக்கிய ஒலித்தடமும் கொடுத்தால் போதும். அந்தக் கலைஞரின் குரலுக்கு அடியில் இசை அமுங்காது, அவர் பெயரும் படத்தில் வரும். இதைச் செய்யாமல் இருப்பதற்கு அலட்சியம் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கவலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தியப் படமும் துருக்கித் தொடரும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது சோமாலியர்கள் தங்கள் சொந்தப் படத்தை எப்போது எடுப்பார்கள்? சீனா கட்டிக்கொடுத்து 1967-இல் திறந்த மொகதிஷு தேசிய அரங்கம், 2012-இல் வெடிகுண்டுத் தாக்குதலுக்கும் உள்ளாகி மீண்டது. 2021 செப்டம்பர் 22 அன்று அங்கே முப்பது ஆண்டுகளில் முதல் முறையாகத் திரைப்படம் காட்டினார்கள். ஒரு சோமாலிய இயக்குநர் எடுத்த இரண்டு குறும்படங்கள். டிக்கெட் பத்து டாலர். அங்கே அது சின்னத் தொகை இல்லை. பலர் அந்த இரவைக் கைப்பேசியில்தான் பார்த்திருப்பார்கள். டப்பிங் அந்த இயக்குநர்களுக்குப் போட்டி என்று சொல்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாக நினைக்கிறேன். திரைக்குச் சோமாலியில் எப்படிப் பேச வேண்டும் என்று இத்தனை ஆண்டுகள் தினமும் பயிற்சி எடுத்தவர்கள் இந்தக் குரல் கலைஞர்களே. நாளை சொந்தப் படம் எடுக்கும்போது வசனம் எழுத அவர்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும். புலம்பெயர்ந்த வீடுகளில் பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளுக்கு, தொடர்ச்சியாக இரண்டரை மணி நேரம் தாய்மொழியைக் காதில் போடுவதும் இந்தக் குரலே.

அந்த இறுதிச் சடங்கு

டீக்கடையில் நான் எழுந்திருக்கும் நேரத்தில் படம் சாவு வீட்டுக் காட்சிக்கு வந்திருந்தது. நாயகனின் அப்பா கிடத்தப்பட்டிருந்தார். சோமாலிக் குரல் சற்று நின்றது. அடியிலிருந்து இந்தி எழும்பியது. அதற்கும் அடியில், மிக மெலிதாக, வேறொன்று கேட்டது. இந்தியாக்கியவர்கள் பின்னணிச் சத்தத்தோடு சத்தமாக விட்டுவைத்திருந்த தமிழ் ஒப்பாரி. "என்னப் பெத்த ராசா" என்று ஒரு கிழவி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அதீர், இந்தக் கிழவி என்ன சொல்கிறாள்? எங்கள் ஆள் இதை மட்டும் சொல்லவில்லை."

இது இந்தி இல்லை தம்பி, தமிழ் என்றேன். செத்தவரை விளித்துப் பெண்கள் பாடும் பாட்டு, இறந்தவர் மகனாக இல்லாவிட்டாலும் ராசா என்றுதான் அழைப்பார்கள், அவர் செய்த நல்லதையெல்லாம் அடுக்கிச் சொல்லி அழுவார்கள் என்று எனக்குத் தெரிந்த உருதுவில் சொன்னேன்.

"பரூர்தீக்" என்றார் உடனே. "எங்களிடமும் உண்டு. செத்தவரைப் பாடுவது."

விரலால் படத்தைப் பத்து நொடி பின்னுக்குத் தள்ளினார். கைப்பேசியை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டு, சோமாலிக் குரல் நின்ற அந்த இடத்தை மறுபடியும் கேட்டார்.